காயாத சோப்பு

ஐம்பது பெட்டிக்குப் பன்னிரண்டு சோப்பு குறைந்தது. முப்பத்தெட்டு சோப்பு காய்ந்து, தாளில் சுற்றி, நூல் கட்டி, பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. மீதிப் பன்னிரண்டு பெட்டியிலும் மற்றதெல்லாம் இருந்தது. கால் ஊறவைக்கிற உப்பு ஒரு பை, சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் குழைத்த தேய்ப்பு ஒரு குப்பி, வெண்ணெய் பிஸ்கட் ஒரு பொட்டலம். சோப்பு இருக்க வேண்டிய மூலை மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி கிடந்தது.

"மீதிய அடுத்த மாசம் தர்றோம்னு சொல்லிடுக்கா," என்றாள் தங்கை. முக்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். இடது இடுப்பைச் சுவரில் சாய்த்துக்கொள்ளாமல் அவளால் உட்கார முடியாது. நாலு வருஷத்துக்கு முன்னால், அக்கா வேலை பார்க்கிற அதே ஓட்டல் சலவைக்கூடத்தில், ஈரத்துணி ஏற்றிய தள்ளுவண்டி அவளைச் சுவரோடு நசுக்கியது. அதோடு அந்த வேலை போயிற்று. அதற்குப் பிறகு கற்றதுதான் இந்தச் சோப்பு.

"அம்பதுன்னு சொல்லிட்டேன்டி."

"நீ ஏன் சொன்ன? நான் நாப்பதுக்குள்ளன்னுதானே சொன்னேன்?"

"அந்த ஆளு கேட்டான். முடியாதுன்னா மொத்தத்தையும் கடையில வாங்கிக்கிறேன்னான். வாய்ல வந்துடுச்சு."

"உன் வாய்க்குச் சோப்பு காயாது," என்றாள் தங்கை. கோபமில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

வருஷக் கடைசி. ஓட்டலில் அறை நிரம்பி வழிகிற மாதம். சலவைக்கூடத்தில் வேலை செய்கிற ஐம்பது பெண்களுக்கும் இந்த வருஷம் நிர்வாகம் பரிசு கொடுக்கப்போகிறதாம். பெட்டி மேல் ஒரு அட்டை ஒட்ட வேண்டும், அதில் 'உங்களை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்' என்று எழுதியிருக்க வேண்டும். மேற்பார்வைக்காரரின் மூக்கு நுனியில் கண்ணாடி தொங்குவதால் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடி'. பரிசை யாரிடம் வாங்கலாம் என்று அவர் யோசித்தபோது அக்கா முந்திக்கொண்டு, "எங்க வீட்லயே செய்றோம் சார்" என்றாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு சாண் உயரம் கூடிவிட்டது. இருபது வருஷமாக அவளிடம் யாரும் யோசனை கேட்டதில்லை.

வீடு இரண்டு அறை. உள்ளறையில் அக்காவும் அவள் வீட்டுக்காரரும். அடுப்பு இருக்கிற அறையில் தங்கை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் மரத்தட்டு அடுக்கு. அதில்தான் சோப்பு காயும். கீழ்த்தட்டில் பழையது, மேல்தட்டில் புதியது. காஸ்டிக் சோடாக் காரத்தைத் தண்ணீரில் கரைத்து, அது கொதித்து அடங்கியதும் எண்ணெயில் விட்டு, கை ஓயக் கிண்டி, பலகை அச்சில் ஊற்றி, மறுநாள் துண்டு போட்டு, அதற்கப்புறம் நாலு வாரம் காற்றில் விட வேண்டும். குளிர்காலம் என்றால் ஐந்து வாரம். அதற்குள் எடுத்தால் உள்ளே காரம் உயிரோடு இருக்கும். தங்கை ஒவ்வொரு தட்டிலும் ஒரு துண்டை எடுத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். சுள்ளென்று குத்தினால் திரும்ப வைத்துவிடுவாள். சோப்பு தின்கிறவள் என்று அக்கா வீட்டுக்காரர் அவளைக் கேலி செய்வார். "கொழுந்தியாளுக்குச் சாப்பாட்டுச் செலவே இல்ல, ரெண்டு கட்டி போதும்."

ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் சுண்ணக்கட்டியால் தேதி எழுதியிருக்கும். மேல்தட்டில் தேதிக்குக் கீழே, 'தொடாதே' என்றும் எழுதியிருந்தது.

அக்காவுக்குப் படிக்கத் தெரியும். முப்பத்தாறு வயதில், வேலை முடிந்து போய், சின்னப் பெஞ்சில் கால் மடங்காமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. எழுத்துத் தெரியாதவளாக இருந்திருந்தால் ஒரு சாக்காவது இருந்திருக்கும்.

பெட்டி கொண்டுபோக வேண்டிய அன்று காலை தங்கை இடுப்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அக்கா சந்தில் நின்று மேல்தட்டையே பார்த்தாள். நாலு நாளுக்கு முன்னால் ஊற்றிய சோப்பு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதே வெண்மை, அதே மணம், அழுத்தினால் மட்டும் கொஞ்சம் குழைகிற மாதிரி இருந்தது. ஓட்டல் சோப்பையும் ப்ளீச்சிங்கையும் பார்த்த கைகளுக்கு இது என்ன பண்ணிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு கட்டியை எடுத்தாள். சுற்றினாள். நூல் கட்டினாள். தங்கை போடுகிற மாதிரியே இரட்டை முடிச்சு.

சாயங்காலம் தங்கை வந்ததும் முதலில் தட்டைத்தான் பார்த்தாள்.

"மேல எண்ணிக்கை குறையுதே?"

"தட்டு சாஞ்சுடுச்சுடி. பன்னெண்டு கட்டி கீழ விழுந்து மண்ணாயிடுச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"உன் கால்ல கீல படலையே?"

"இல்ல."

"போகட்டும் விடு. அந்தப் பன்னெண்டு பெட்டி?"

"சோப்பு இல்லாமலே குடுத்துட்டேன். பரவாயில்லைன்னுட்டாங்க."

தங்கை நிம்மதியாகச் செருப்பைக் கழற்றினாள். உன் கால்ல படலையே என்று அவள் கேட்டது அக்காவின் நெஞ்சில் எங்கேயோ போய் உட்கார்ந்தது. 

பெட்டி கொடுத்த அன்று சலவைக்கூடத்தில் ஒரே கூத்து. நீராவிச் சத்தத்துக்கு மேல் சிரிப்பு கேட்டது.

"நம்மள நாமளே கவனிச்சுக்கணுமாம்," என்று அட்டையைப் படித்துக் காட்டினாள் இஸ்திரி உருளையில் விரிப்பு செலுத்துகிறவள். "அப்ப ரெண்டு நாள் லீவு குடுக்கச் சொல்லு. நல்லாக் கவனிச்சுக்கிறேன்."

"கால் ஊறவைக்க உப்பாம். பத்து மணி நேரம் ஈரத்துலதான நிக்குறோம், இன்னும் எங்கடி ஊறுறது?"

"இந்தக் குப்பி ரொம்ப நல்லாருக்குடி, நாலு கரண்டி தின்னுட்டேன்."

"ஐயோ, அது தேய்க்கிறது! திங்கிறது பொட்டலத்துல இருக்கு!"

"சர்க்கரையப் போட்டுட்டுத் தேய்க்கச் சொன்னா யாருக்குத் தெரியும்? தேய்ச்சாலும் மிச்சத்தத் திம்பேன்."

எல்லோரையும் விட அதிகம் சந்தோஷப்பட்டவள் 'ரேடியோ'. மேஜையில் அக்காவுக்குப் பக்கத்தில் நின்று துண்டு மடிக்கிறவள். காலையில் உள்ளே நுழையும்போது திறந்த வாய் வேலை முடிந்துதான் மூடும், அதனால் அந்தப் பேர். புருஷன் இல்லை, வளர்ந்த மகன் வேற ஊரில். அவள் கை இரண்டும் வெடித்து, விரல் மடக்குகிற இடமெல்லாம் கோடு கோடாய்ப் பிளந்திருக்கும். மருந்துத் தண்ணீரில் ஊறின துணியை முப்பது வருஷம் தொட்ட கை.

"எனக்குன்னு யாரும் சோப்பு வாங்கித் தந்ததே இல்லடி," என்றாள் அக்காவிடம். "வீட்டுச் சோப்புன்னா வீட்டுல எல்லாரும் போட்டு, கரைஞ்சு, கடைசியில என் கைக்கு வரும். இது முழுசு. உன் தங்கச்சி கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணும்."

நாலாம் நாள் அவள் சொன்னாள், "சும்மா சொல்லக்கூடாது, உங்க சோப்பு நல்லா வேலை செய்யுது. போட்டா சுறுசுறுன்னு எரியுது."

அக்காவின் கையிலிருந்த துண்டு நழுவியது. "எரிஞ்சா போடாத அக்கா."

"போடி இவளே. எரிஞ்சாத்தான் உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வரும். ப்ளீச்சிங் எரியல? அது வெள்ளையாக்கல? அது மாதிரிதான். நான் காலைல ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போட்டு, நல்லாக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுத்தான் கழுவுறேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, அந்தச் சோப்பைத் தூக்கிப் போடு என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி அந்தப் பக்கம் வந்தார். "வேலை, வேலை" என்றார். அக்கா துண்டைக் குனிந்து எடுத்தாள். மடித்து அடுக்கினாள். பிறகு எத்தனையோ தடவை அந்தக் குனிந்த நிமிஷத்தை நினைத்துப் பார்த்தாள். ஒரு துண்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரம் இருந்தது.

ஒன்பதாம் நாள் ரேடியோ வேலைக்கு வரவில்லை. மேஜை அமைதியாக இருந்தது, அந்த அமைதியில் உருளைச் சத்தம் பெரிதாகக் கேட்டது. மத்தியானம் செய்தி வந்தது. இரண்டு கையும் தோலுரிந்து, நீர் கோத்து, ஆஸ்பத்திரியில் துணி சுற்றி அனுப்பியிருக்கிறார்கள். மூன்று வாரம் தண்ணீர் படக்கூடாது. இன்னும் இரண்டு மூன்று பேர் எங்களுக்கும் அரித்தது, சிவந்தது என்று கையை நீட்டினார்கள்.

கண்ணாடி பெட்டிகளையெல்லாம் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். பல பேர் கொண்டுவரவே இல்லை, சில பேர் வீட்டிலேயே தூக்கிப் போட்டார்கள். பிஸ்கட்டையும் போட்டார்கள். "சோப்பு செஞ்ச கைதான பிஸ்கட்டும் செஞ்சது" என்று ஒருத்தி அக்கா காதுபடவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ரேடியோ கைக்கு ஆனதை அக்கா சொன்னபோது தங்கை நம்பவில்லை. சரியாக நடக்க முடியாதவள் ரேடியோ வீட்டுக்கு நொண்டி நொண்டிப் போனாள். அங்கே மிச்சமிருந்த சோப்புத் துண்டை எடுத்து நாக்கில் வைத்தாள். திரும்பி வரும்போது முகம் வேற முகமாக இருந்தது.

"குத்துதுக்கா. சோப்பு குத்துது."

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒவ்வொரு தட்டும் பாத்துத்தான எடுத்தேன்? என் நாக்கு செத்துப்போச்சா? இல்ல காரம் நிறுக்கிற தராசு பொய் சொல்லுதா?"

தராசைச் சந்துக்கு இழுத்து வந்து, அரிசிப் பொட்டலத்தை வைத்து வைத்து நிறுத்துப் பார்த்தாள். தராசு சரியாக இருந்தது. அது அவளை இன்னும் கலங்கடித்தது. நோட்டை விரித்துக் காரத்துக்கும் எண்ணெய்க்கும் கணக்குப் போட்டாள். திரும்பப் போட்டாள். அதுவும் சரி. பிறகு அடுக்கில் இருந்த அத்தனை சோப்பையும், இந்த வாரம்தான் காய்ந்தது, காயாதது எல்லாவற்றையும், சாக்கில் கொட்டினாள்.

"ஏம்மா, நல்லதையும் ஏன் கொட்டுற?" என்றார் அக்காவின் வீட்டுக்காரர்.

"எது நல்லதுன்னு எனக்குத் தெரியலையே மாமா. தெரிஞ்சா வச்சுக்க மாட்டேனா?"

அவர் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, தண்ணீர் குடிக்கிறவர் மாதிரி சொம்பைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து தங்கை மத்தியானமே ரேடியோ வீட்டுக்குப் போய்விடுவாள். சமைத்து, ஊட்டி, பாத்திரம் கழுவி, தலை சீவி விட்டு, இருட்டுவதற்குள் திரும்புவாள். அந்தத் தெரு முனையில் ஏற்றம். ஏற்றத்தில் அவள் மூன்று இடத்தில் நின்றுதான் ஏறுவாள். அக்கா வேலை விட்டு வரும் வழியில், தூரத்திலிருந்து அந்த மூன்று நிற்றலையும் பார்த்திருக்கிறாள். கிட்டே போய்த் தோள் கொடுக்கக் கால் வரவில்லை.

"சலவைக்கூடத்துல கழிவறை கழுவ ஆள் எடுக்குறாங்களாமே," என்றாள் தங்கை ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே. "கண்ணாடிகிட்ட கேட்டுச் சொல்லுக்கா. உக்காந்து கழுவுற மாதிரி இருந்தா நான் போறேன்."

"நீ ஏன்டி போகணும்?"

"வேற என்ன தெரியும் எனக்கு? தெரிஞ்ச ஒண்ணுலயும் ஒரு பொம்பள கைய உரிச்சுட்டேன்."

"நீ உரிக்கல."

"பின்ன யாரு உரிச்சா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. அக்கா குழம்புக் கரண்டியை எடுத்து, வேண்டாத குழம்பை ஊற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் ஒருத்தர்தான் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கை கழுவும்போது அவள் பக்கத்தில் வந்து, மெதுவாக, "என்ன செஞ்ச?" என்றார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவர். அவரிடம் சொன்னாள். அவர் குழாயை மூடினார். "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? எனக்கா தோல் உரிஞ்சுது?" என்றார்.

அடுத்த நாள் அவள் வேலையிலிருந்து நேராக ரேடியோ வீட்டுக்குப் போனாள். ஒரே அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ரேடியோ கட்டிலில் துணிப்பொதியாகிவிட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கை கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ வாய் கஞ்சிக்கும் பேச்சுக்கும் மாறி மாறித் திறந்தது.

"வாடி, வா. உன் தங்கச்சி என்ன பச்சப்புள்ள ஆக்கிட்டா. மூக்கு அரிச்சாக்கூட இவளத்தான் கூப்பிடுறேன். நேத்து பாரு, மூக்க சொறியச் சொன்னா கண்ணுல குத்திட்டா. ஏன்டி, முகம் ஏன் இப்படி இருக்கு? கண்ணாடி ஏதாவது சொன்னானா?"

"அக்கா," என்றாள் அவள். பிறகு தங்கை பக்கம் திரும்பினாள். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் நடுவில் இருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னாள். "மேல்தட்டு சாயல. ஒண்ணும் விழல. அந்தப் பன்னெண்டையும் நான்தான் எடுத்துச் சுத்தி வச்சேன். நாலு நாள் சோப்பு. தொடாதேன்னு எழுதியிருந்தத படிச்சுட்டுத்தான் எடுத்தேன்."

ரேடியோவின் வாய் திறந்தபடி நின்றது.  தங்கை கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள், சத்தமில்லாமல் வைத்தாள்.

"நான் எரியுதுன்னு சொன்னேனே," என்றாள் ரேடியோ கடைசியில். "உன்கிட்டதான சொன்னேன்."

"ஆமா."

"அப்ப தெரியும் உனக்கு."

"தெரியும்."

தங்கை எழுந்தாள். கட்டில் சட்டத்தைப் பிடித்து, இடுப்பை நிமிர்த்தி எழுந்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இன்னும் பதினொண்ணு எங்க?" என்றாள்.

"தெரியலடி. கலந்து குடுத்தாங்க."

"தேடணும். எல்லாரும் தூக்கிப் போட்டிருக்க மாட்டாங்க. எந்தப் புள்ள முகத்துல போடுதோ." செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னாள், "பத்து நாளா என் நாக்க நானே நம்பாம இருந்தேன். என்னைப் பைத்தியமாக்கிட்ட நீ."

மறுநாள் தேநீர் நேரத்தில் அக்கா சலவைக்கூடத்தின் நடுவில், அழுக்குத் துணிக் கூடை மேல் ஏறி நின்றாள். உருளையை நிறுத்தச் சொன்னாள். என் தங்கச்சி சோப்பு நல்ல சோப்பு, காயாததை எடுத்துக் கலந்தவள் நான் என்று சொன்னாள். யார் வீட்டில் இன்னும் சோப்பு இருந்தாலும் கொண்டுவாருங்கள், போடாதீர்கள் என்றாள். 

"இத பத்து நாள் முன்னாடி ஏறி நின்னு சொல்றதுக்கென்ன?" என்றாள் உருளைக்காரி.

அக்கா இறங்கினாள். கண்ணாடி அவளை மடிப்பு மேஜையிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டார். வாந்தியும் ரத்தமும் பட்ட விரிப்பு வந்து விழுகிற இடம்.  மூன்று நாளில் வந்ததில் ஒன்பது சோப்பு குத்தியது. இன்னும் இரண்டு பேர், எரிந்த அன்றே குப்பையில் போட்டதாகச் சத்தியம் செய்தார்கள். தங்கை ஒவ்வொன்றையும் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கினாள். அக்காவிடம் பேசவில்லை. சாக்கிலிருந்த நல்ல சோப்பை எடுத்து, துடைத்து, தட்டில் அடுக்குகிற சத்தம் மட்டும் சந்திலிருந்து கேட்டது. அவள் சாக்கை அவிழ்த்துவிட்டாள் என்பதே அக்காவுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அதற்கு மேல் கேட்கத் தனக்கு வாய் இல்லை என்றும் தெரிந்தது.

ரேடியோ வீட்டு வேலையை இப்போது அக்கா செய்தாள். வேலைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம், வந்த பிறகு இரண்டு மணி நேரம். முதல் வாரம் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. ஊட்டினால் தின்றாள், நிறுத்தினால் வாயை மூடினாள். என்னைத் திட்டு என்று அவளிடம் கெஞ்ச வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. எட்டாம் நாள், குழம்பில் உப்பு அதிகமானபோது, ரேடியோ "கால் ஊறவைக்கிற உப்பையும் சேத்துப் போட்டுட்டியா?" என்றாள். அன்றைக்குத்தான் அக்கா அங்கே உட்கார்ந்து அழுதாள். ரேடியோ அதையும் கண்டுகொள்ளாமல், அடுத்த வாய்க்கு வாயைத் திறந்து காத்திருந்தாள்.

விடுமுறை நாள் ஒன்று வந்தது. காலையில் ரேடியோவைப் பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, துணிப்பொதி நனையாமல் இரண்டு கையையும் மேலே தூக்கச் சொல்லி, அக்கா அவளுக்குத் தலைக்கு ஊற்றினாள். சரணடைகிறவள் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு ரேடியோ பேசிக்கொண்டே இருந்தாள். மகன் வருகிறானாம், வந்தால் இந்தக் கையைப் பார்த்து என்ன சொல்வானோ, யார் கேட்டாலும் வென்னீர் கொட்டிக்கொண்டேன் என்றுதான் சொல்லப்போகிறாளாம்.

"அப்படிச் சொல்லாத அக்கா. நடந்ததச் சொல்லு."

"என் கை, என் வாய். உனக்கென்ன? அழுத்தித் தேய், தலைக்கு ஒண்ணும் ஆகல."

பக்கவாட்டில் செருப்புச் சத்தம். ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் இழுத்தும் வருகிற சத்தம். தங்கை ஒரு டப்பாவோடு வந்து நின்றாள். மூடியைத் திறந்ததும் சுடச்சுட வெண்ணெய் வாசம் வந்தது.

"கைய தூக்கிட்டு இருக்கேன், எப்படித் திங்கிறது? வாய்ல போடு," என்றாள் ரேடியோ. தங்கை ஒரு பிஸ்கட்டை எடுத்து அவள் வாயில் வைத்தாள். ரேடியோ மென்றாள். நெற்றியில் வழிந்த நுரையைத் தங்கை தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"நல்லாருக்குடி. இன்னொண்ணு." தின்றுவிட்டு, தலையைப் பின்னால் அசைத்துக் காட்டினாள். "இவளுக்கும் ஒண்ணு போடு. விடிஞ்சதுலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. கையெல்லாம் நுரை."

தங்கை டப்பாவுக்குள் கையை விட்டாள். ஒன்றை எடுத்தாள். அக்கா வாயைத் திறக்கவில்லை, திறக்கலாமா என்று தெரியவில்லை. தங்கை அந்தப் பிஸ்கட்டைக் கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தாள். பிறகு டப்பா மூடியைக் கவிழ்த்து, துவைக்கிற கல்லின் காய்ந்த ஓரத்தில் வைத்து, அதன்மேல் பிஸ்கட்டை வைத்தாள்.

"கை காஞ்சதும் எடுத்துக்கட்டும்," என்றாள் ரேடியோவிடம்.

அக்கா தலையாட்டினாள். அண்டாவில் இன்னும் ஏழெட்டுச் சொம்புத் தண்ணீர் இருந்தது. ஒன்றை முகந்து, கையில் விட்டுச் சூடு பார்த்து, ரேடியோவின் தலையில் மெதுவாக ஊற்றினாள்.